அரண்மனைக்காரத் தெருவிலிருந்து எரெவான் வரை

ஏப்ரல் 21, 2025, திங்கள்: எரெவான்

சென்னை பாரிமுனைக்கு அருகே உள்ள ஆர்மேனியன் தெருவுக்குத் தமிழில் அரண்மனைக்காரத் தெரு என்று பெயர். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மேனியக்காரர் தெரு என்பதுதான் நம் மக்களின் வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது. அந்தத் தெருவில் 1772இல் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயத்தின் கல்லறைகளுக்கு நடுவே பல முறை நின்றிருக்கிறேன். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ ஏட்டை 1794இல் சென்னையில் நடத்திய ஹருத்யூன் ஷ்மாவோன்யான் பாதிரியார் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருக்கும் முன்பே, ஷகாமிர் ஷகாமிர்யான் என்ற சென்னை வணிகர், அந்நாளில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஆர்மேனியக் குடியரசுக்கு அரசியல் சாசனம் எழுதி, முகப்பில் 1773 என்று ஆண்டு பொறித்து அச்சிட்டார். மன்னர் இல்லாத, மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையை உடைய நாடு ஒன்றை அவர் சென்னை வெயிலில் உட்கார்ந்து எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

அந்தக் கதையின் மறுபாதியைச் சொல்பவர்கள் குறைவு. அதே அச்சகத்தில் 1772இல் வெளிவந்த, ஆர்மேனிய இளைஞர்களை விடுதலைக்கு அழைத்த நூல் தாயகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, எச்மியாட்சினில் இருந்த திருச்சபைத் தலைவர் சிமியோன் அதை எரிக்கச் சொன்னார். பாரசீகருக்கும் துருக்கியருக்கும் கீழே வாழ்கிற மக்களின் தலையில் அந்த எழுத்து என்ன கேட்டைக் கொண்டுவந்து இறக்குமோ என்று அவர் அஞ்சினார். வெளியே இருப்பவர் பெரிதாகக் கேட்பதும், உள்ளே இருப்பவர் அதன் விலையை எண்ணிப் பார்ப்பதுமான இந்த வழக்கு 250 ஆண்டுகளாகத் தீரவில்லை. இன்றைய ஆர்மேனியாவின் எதிர்க்கட்சி அரசியலில் அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

அதிகாலையில் ஸ்வார்ட்நோட்ஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். இந்த நிலையத்தையே 2002 முதல் நடத்துவது அர்ஜென்டினாவில் பிறந்த ஆர்மேனியத் தொழிலதிபர் எடுவார்டோ எர்னெகியானின் நிறுவனம். கடவுச்சீட்டில் குத்திய முத்திரையில் அராரத் மலையின் இரு முகடுகளும் இருந்தன. மலையோ எல்லைக்கு அப்பால், துருக்கியில் இருக்கிறது.

நேற்று ஈஸ்டர். மறுநாளாகிய இன்று இறந்தோரை நினைக்கும் நாள் என்பதால் நான் தங்கும் வீட்டுக்கார அம்மாள் பூங்கொத்துடன் எராப்லூர் போர்வீரர் கல்லறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி மகன், அசர்பைஜானுக்குள் ஆர்மேனியர்கள் வாழ்ந்த கராபாக் பகுதிக்காக அந்நாட்டுடன் நடந்த 2020 போரில் இறந்தவன். என் ஊர் மெட்ராஸ் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பள்ளிப் பாடத்தில் அந்த ஊரைப் படித்தாராம்.

ஏப்ரல் 22, செவ்வாய்: எரெவான்

இன்று முழுவதும் நடைதான். இந்நகரத்தின் எதிர்ப்பு அரசியலை ஒரே பிற்பகலில் கால்நடையாகச் சுற்றி வந்துவிடலாம்.

ஓப்பெரா அரங்கத்தின் முன்னுள்ள விடுதலைச் சதுக்கத்தில் தொடங்கினேன். முதல் குடியரசுத் தலைவர் லெவோன் தெர்-பெத்ரோஸ்யான், 1998இல் பதவி விலகிப் பத்து ஆண்டுகள் கழித்து, 2008 தேர்தலில் தோற்று, முடிவை ஏற்க மறுத்துத் தம் ஆதரவாளர்களுடன் கூடியது இங்கேதான். மார்ச் 1 அதிகாலையில் காவல்துறை இங்கிருந்து கூட்டத்தை விரட்ட, அது பிரெஞ்சுத் தூதரகத்துக்கு அருகே உள்ள மியாஸ்னிக்யான் சிலையடியில் மறுபடி கூடியது. அன்றைய வன்முறையில் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். அப்போது தலைமறைவாகிப் பிறகு சிறை சென்ற செய்தித்தாள் ஆசிரியர் நிகோல் பஷின்யான், 2018இல் பெருங்கூட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து பிரதமரானார். இன்று அவரே ஆளுங்கட்சி. அன்று அவரால் வீழ்த்தப்பட்டவர்கள் இன்று எதிர்க்கட்சி. 2021 தேர்தலில் முன்னாள் குடியரசுத் தலைவர் ராபர்ட் கோச்சார்யானின் கூட்டணி 21 விழுக்காடு வாக்குடன் இரண்டாம் இடம் பெற்றது.

இதே சதுக்கத்தில் 2013 மார்ச்சில் உண்ணாநோன்பு இருந்த இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ராஃபி ஹொவானிஸ்யான் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பிறந்தவர், வழக்கறிஞர். நாடு விடுதலை பெற்ற 1991இல் அதன் முதல் வெளியுறவு அமைச்சரானார். துருக்கியைக் கடுமையாகப் பேசியதில் தலைவருடன் பிணக்கு ஏற்பட்டு, மறு ஆண்டே விலகினார். இருந்தும் அவர் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பவில்லை. ஆர்மேனியக் குடியுரிமை பெறுவதற்கே 2001 வரை காத்திருந்தார், கட்சி தொடங்கினார், 2013 குடியரசுத் தலைவர் தேர்தலில் 36.7 விழுக்காடு வாக்குப் பெற்றார். புலம்பெயர்ந்தவர் ஒருவர் இந்நாட்டு மக்களின் நம்பிக்கையை அவ்வளவு தூரம் பெற்றது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வெளியிலிருந்து கூவாமல் இங்கே வந்து வரிசையில் நின்று வரி கட்டியதால் வந்த வாக்கு அது என்று நான் நினைக்கிறேன்.

சதுக்கத்தை ஒட்டிய பிரான்சு சதுக்கத்தில் 2022 மே மாதம் எதிர்க்கட்சிகள் கூடாரமடித்தன. 2024இல் தவுஷ் மறைமாவட்டப் பேராயர் பக்ராத் கல்ஸ்தான்யான், எல்லைக் கிராமங்களை அசர்பைஜானிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தலைநகர் வரை நடந்து வந்தார். எதிர்க்கட்சிகள் அவரைப் பிரதமர் பதவிக்கு முன்னிறுத்தின. ஆனால் முன்பு கனடாவில் ஆயராக இருந்த அவரிடம் கனடிய குடியுரிமையும் இருந்தது. கடைசி நான்கு ஆண்டுகளாக ஆர்மேனியக் குடியுரிமை மட்டுமே உடையவர்தான் இங்கே பிரதமராக முடியும். எதிர்க்கட்சி கண்டெடுத்த மிகச் செல்வாக்கான முகம், புலம்பெயர் வாழ்வு தந்த ஒரு தாளால் பதவிக்குத் தகுதியற்றதாகி நின்றது.

ஏப்ரல் 23, புதன்: எரெவான்

1915இல் ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் ஆர்மேனியர்கள் கொல்லப்பட்ட இனப்படுகொலையின் நினைவு நாள் நாளை. முந்தைய இரவில் தாஷ்நாக் கட்சியின் இளைஞர் அணி நகரின் நடுவிலிருந்து நினைவிடக் குன்று வரை தீப்பந்த ஊர்வலம் நடத்துவது வழக்கம். நான் பாதி வழியில் சேர்ந்துகொண்டேன். ஆயிரக்கணக்கான பந்தங்களின் எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. என் பக்கத்தில் வந்த சிறுவன் தன் பந்தத்தை இரண்டு கைகளாலும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். அதிலிருந்து விழுந்த கரித்துணுக்கு ஒன்று என் சட்டைக் கையில் பட்டுச் சின்னத் துளை போட்டுவிட்டது. அவனுடைய பாட்டி பதறிப்போய் அந்த இடத்தைத் தம் கைக்குட்டையால் அழுத்தினார். அப்படித்தான் பேச்சு தொடங்கியது.

அந்தப் பாட்டி பெய்ரூத்தின் புர்ஜ் ஹம்மூதில், புதிய மராஷ் என்ற குடியிருப்பில் பிறந்தவர். மராஷ் என்பது அவருடைய தாத்தா துரத்தப்பட்ட ஊர், இன்று துருக்கியில் உள்ளது. 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகம் வெடித்த பிறகு குடும்பத்துடன் எரெவானுக்கு வந்துவிட்டார். மேற்கு ஆர்மேனிய மொழியில்தான் பேசுகிறார். சந்தையில் காய் விற்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பதாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. நூறு ஆண்டு பாலைவனத்திலும் கொட்டகையிலும் நாங்கள் காப்பாற்றிக் கொண்டுவந்த மொழி இது, இதைக் கேட்டு ஊர்க்காரர்களே சிரிக்கிறார்கள் என்றார்.

இந்தச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெய்ரூத், பாரிஸ், பாஸ்டன், கிளெண்டேல் ஆர்மேனியர்களில் மிகப் பலருடைய பாட்டன் பூட்டன் ஊர் இன்றைய ஆர்மேனியக் குடியரசுக்குள் இல்லை. மராஷ், ஹார்புத், வான், ஐன்தாப் எல்லாம் துருக்கியில் இருக்கின்றன. ஆகவே அவர்களுக்குத் தாயகம் என்பது இழந்த மண்ணும் கிடைக்காத நீதியும். எரெவான்காரருக்கோ அது இந்த நாட்டின் எல்லை, எரிவாயு விலை, படைக்கு அழைக்கப்படும் மகன். இரண்டையும் ‘ஹய்ரெனிக்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் வருகிற குழப்பத்தைக் கட்சிகளும் சேர்ந்து சுமக்கின்றன.

தாஷ்நாக் 1890இல் திபிலிசியில் பிறந்த கட்சி. 1918 முதல் 1920 வரை முதல் குடியரசை ஆண்டது. போல்ஷெவிக்குகளால் விரட்டப்பட்டு, எழுபது ஆண்டுகள் நாடில்லாத கட்சியாக உலகெங்கும் பள்ளிகள், செய்தித்தாள்கள், சாரணர் அணிகள், தேவாலயங்கள் வழியே உயிர் வாழ்ந்தது. அந்த எழுபது ஆண்டுகளின் பகை சிறிதல்ல. சோவியத் ஆர்மேனியாவை ஏற்பதா எதிர்ப்பதா என்ற பிளவில், 1933 கிறிஸ்துமஸ் முந்தைய நாள் நியூயார்க் தேவாலயத்துக்குள் பேராயர் லியோன் துரியான் குத்திக் கொல்லப்பட்டார். தாஷ்நாக் ஆட்கள் அதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். முதல் குடியரசின் மூவண்ணக் கொடியை மேடையில் வைக்கலாமா என்பதில் தொடங்கிய பூசல் அது. அமெரிக்க ஆர்மேனியத் திருச்சபை அன்றைக்கு இரண்டாகப் பிளந்தது, இன்றும் இரண்டுதான்.

தாய்நாட்டுக்குத் திரும்பிய கட்சியை 1994 டிசம்பரில் தெர்-பெத்ரோஸ்யான் தடை செய்தார். 1998இல் கோச்சார்யான் தடையை நீக்கினார். அந்த நன்றிக்கடன் இன்றைய கூட்டணி வரை தொடர்கிறது. ஆனால் 2018 டிசம்பர் தேர்தலில் தனியே நின்றபோது அதற்குக் கிடைத்தது 4 விழுக்காட்டுக்கும் குறைவு, ஓர் இடம்கூட இல்லை. கிளெண்டேலில் ஒரு மணி நேரத்தில் அரங்கம் நிரப்பும் கட்சிக்குத் தாய்நாட்டு நாடாளுமன்றத்தில் தனித்து நுழைய வழியில்லை. குடியுரிமை பெற்ற பெய்ரூத் பாட்டி 2021இல் வாக்களித்தார். கிளெண்டேலில் இருக்கும் அவருடைய தம்பிக்கு வாக்கில்லை. 2007 முதல் இரட்டைக் குடியுரிமை உண்டு என்றாலும், தூதரக ஊழியர் போன்ற சிலரைத் தவிர, வெளிநாட்டிலிருந்து யாரும் வாக்களிக்க முடியாது. நாட்டுக்குள் சுமார் 30 லட்சம் பேர், வெளியே 70 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது, எரெவான் ஏன் அந்தக் கதவைத் திறக்கத் தயங்குகிறது என்பது புரிகிறது.

ஏப்ரல் 24, வியாழன்: சிட்சர்னகாபெர்த்

காலை முதல் மக்கள் மலர்களுடன் குன்றேறிக்கொண்டே இருந்தார்கள். சாய்ந்து நிற்கும் 12 கற்பலகைகளின் நடுவே அணையா நெருப்பு. பக்கத்தில் 44 மீட்டர் உயரத்தில் பிளந்து நிற்கும் கூர்ங்கல். 1965 ஏப்ரல் 24 அன்று எரெவான் தெருக்களில் மக்கள் சோவியத் ஆட்சியையும் மீறித் திரண்டதன் விளைவாக 1967இல் எழுந்த நினைவிடம் இது. நான் ஒரு வெள்ளை கார்னேஷன் பூவை வைத்தபோது, நெருப்பைச் சுற்றிக் குவிந்த பூக்கள் என் இடுப்பை நெருங்கியிருந்தன. யாரும் உரக்கப் பேசவில்லை.

நெருப்பிலிருந்து விலகி நடந்தால் ஃபிர் மரங்களின் வரிசை. வந்துபோன வெளிநாட்டுத் தலைவர்கள் நட்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ப்பலகை. நூற்றாண்டு கால ஆதரவு திரட்டலின் கணக்கேடு போலிருக்கிறது அந்தத் தோப்பு. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் எங்கோ ஒரு தொகுதியில் கடிதம் எழுதிய, தொலைபேசியில் அழைத்த, தேர்தல் நிதி திரட்டிய ஆர்மேனியக் குடும்பங்கள் இருக்கின்றன.

இதை லாபி என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் தோள் சிதைந்த இளைஞன் பாப் டோலுக்குச் சிகாகோவில் அறுவை மருத்துவம் செய்து, அதற்குக் கட்டணம் வாங்க மறுத்தவர், படுகொலையில் தங்கைகளை இழந்து அமெரிக்கா வந்த ஹம்பார் கெலிக்யான் என்ற ஆர்மேனிய மருத்துவர். அதே டோல், 1990இல் அமெரிக்க மேலவையில் இனப்படுகொலை அங்கீகாரத் தீர்மானத்துக்காக வாதாடினார், வெல்லவில்லை. இப்படித் தனி மனித நன்றியில் தொடங்கியது பிறகு அமைப்பாயிற்று. தாஷ்நாக் சார்புள்ள அமெரிக்க ஆர்மேனியத் தேசியக் குழு, காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வாக்களித்த விதத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 1972இல் தோன்றிய அமெரிக்க ஆர்மேனியப் பேரவை வேறு வழியில், சற்றுத் தணிந்த குரலில் அதே வாசல்களைத் தட்டுகிறது. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. தீர்மானத்தை முன்பு ஆதரித்த ஜனநாயகக் கட்சித் தலைவர் ரிச்சர்ட் கெப்ஹார்ட், பதவி விட்ட பின் துருக்கியிடம் ஊதியம் பெற்று அதை எதிர்த்து வேலை செய்தார்.

2019 அக்டோபர் 29 அன்று கீழவை 405க்கு 11 என்ற வாக்கில் இனப்படுகொலையை அங்கீகரித்தது. டிசம்பரில் மேலவை ஒருமனதாக அங்கீகரித்தது. 2021இல் குடியரசுத் தலைவர் பைடன் அந்தச் சொல்லைச் சொன்னார். பிரான்சு 2001லேயே சட்டம் இயற்றியிருந்தது. இவை உண்மையான வெற்றிகள், பல தலைமுறையின் உழைப்பு. ஆனால் 2019இல் கதவு திறந்தது, வடக்குச் சிரியாவில் துருக்கி படையெடுத்ததால் அமெரிக்க அவைகள் அதன்மேல் சினம் கொண்டிருந்த வாரங்களில்தான். அத்தனை ஆண்டுகள் தட்டிய கைகள் இல்லாவிட்டால் தீர்மானமே மேசையில் இருந்திருக்காது. வல்லரசின் சினம் இல்லாவிட்டால் அது நிறைவேறியிருக்காது.

சொல்லில் கிடைத்த வெற்றி மண்ணில் கிடைக்கவில்லை என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அசர்பைஜானுக்கு அமெரிக்க அரசு உதவுவதைத் தடுக்கும் 907ஆம் பிரிவை 1992இல் இந்த அமைப்புகள் பெற்றுத் தந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு அசர்பைஜான் வழி தேவைப்பட்டது. 2002 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தலைவர் மாறினாலும் அந்தப் பிரிவை ஒத்திவைக்கும் கையெழுத்து மாறவில்லை. கராபாக்கை ஆர்மேனியாவுடன் இணைத்த ஒரே சாலையான லாச்சின் பாதை 2022 டிசம்பர் 12 முதல் அடைபட்டு, கராபாக் மக்கள் ஒன்பது மாதம் ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது, உலகத் தலைநகரங்களில் கூட்டங்கள் நடந்தன, கண்டனங்கள் வந்தன, பாதை திறக்கவில்லை. 2023 செப்டம்பரில் அசர்பைஜானின் ஒரே நாள் தாக்குதலில் எல்லாம் முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வாரத்தில் ஊரைக் காலி செய்தார்கள்.

இந்தத் தோல்விக்குப் பஷின்யான் கண்டுபிடித்த மருந்துக்கு ‘மெய்யான ஆர்மேனியா’ என்று பெயர். இன்றைய எல்லைக்குள் இருக்கும் நாடு மட்டுமே நாடு, வரலாற்று ஆர்மேனியாவின் கனவை விடுங்கள் என்கிறார். சென்ற ஜனவரியில் சூரிச்சில் புலம்பெயர்ந்தோர் முன், 1939இல் இல்லாத இனப்படுகொலைக் கோரிக்கை 1950இல் எப்படி வந்தது என்று அவர் கேட்டது பெருங்கொதிப்பை உண்டாக்கியது. எல்லையை நிலைநிறுத்த வேண்டும் என்ற அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. அதற்காகப் புதிய மராஷில் பிறந்தவர்களின் நினைவைச் சந்தேகிப்பது தேவையற்ற கொடுமை. 2022 ஜூலையில், பிரான்சு ஆர்மேனிய அமைப்புகளின் கூட்டுத் தலைவர்களுள் ஒருவரும் தாஷ்நாக் கட்சிக்காரருமான முராத் பாபாஸ்யான், நான் இறங்கிய அதே ஸ்வார்ட்நோட்ஸில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார். பாரிஸில் பிரதமருக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடத்தியது அவர்மீதான குற்றச்சாட்டு. வாக்கில்லாதவருக்கு மிஞ்சியிருப்பது குரல் ஒன்றுதான். அதைக் குடியேற்ற மேசையில் பறிப்பது எந்த அரசுக்கும் அழகில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி: கியூம்ரி

ரயிலில் வரும்போது, அமெரிக்கத் தலைவர் டிரம்ப் நேற்றைய அறிக்கையில் இனப்படுகொலை என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டார் என்ற செய்தியை எதிரிலிருந்தவர் தம் கைபேசியில் காட்டினார். நான்கு ஆண்டுகள் கிடைத்த சொல் மறுபடி போய்விட்டது.

2018 மார்ச் 31 அன்று பஷின்யான் முதுகில் பையுடன் நடக்கத் தொடங்கிய ஊர் இது. அதே ஊரில் சென்ற மாதம் நடந்த நகராட்சித் தேர்தலில் அவருடைய கட்சி முதலிடம் பெற்றும் பெரும்பான்மை பெறவில்லை. மற்ற கட்சிகள் கைகோத்து, முன்னாள் மேயர் வர்தான் குகாஸ்யானைப் பத்து நாள் முன்பு மேயராக்கிவிட்டன.

நிலையத்திலிருந்து துருக்கியின் கார்ஸ் நகருக்குப் போகும் தண்டவாளத்தைத்தான் பார்க்க விரும்பினேன். 1993 முதல் அடைத்துக் கிடக்கும் எல்லை. 2009இல் இதைத் திறக்க சூரிச்சில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதற்கு முன் ஆதரவு கேட்டு அன்றைய தலைவர் செர்ஷ் சர்க்ஸ்யான் பாரிஸ், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், பெய்ரூத் என்று சுற்றினார். பாரிஸில் ஆர்மேனிய இசையமைப்பாளர் கொமித்தாஸின் சிலையடியில் அவர் மலர் வைக்க வந்தபோது எதிர்ப்பாளர்களைக் காவலர்கள் இழுத்துப் போக வேண்டியிருந்தது. தாஷ்நாக் முன்னதாகவே ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறியிருந்தது. அமெரிக்க ஆர்மேனியப் பேரவையோ உடன்படிக்கையை ஆதரித்தது. புலம்பெயர்ந்தோர் என்றால் ஒரே குரல் என்று எண்ணுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. உடன்படிக்கை கடைசியில் இரு நாட்டு நாடாளுமன்றங்களிலும் கிடப்பில் போயிற்று.

ஏப்ரல் 26, சனி: எரெவான்

தங்கியிருக்கும் தெருமுனையில், கராபாக்கின் மர்தாகெர்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் ஷெங்க்யாலோவ் ஹாட்ஸ் சுட்டு விற்கிறார். பத்துக்கும் மேற்பட்ட கீரைகளைப் பொடியாக நறுக்கி, உப்பும் எண்ணெயும் பிசிறி, மெல்லத் தேய்த்த மாவின் நடுவே குவித்து, இரு விளிம்பையும் கிள்ளி ஒட்டிக் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டி நீளமாக்கிக் கல்லில் போடுகிறார். மாவின் வழியே பச்சை தெரிய வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. அவர் ஊரில் கீரையை மலைச்சரிவில் பறித்தாராம். இங்கே சந்தையில் வாங்குகிறார்.

ஆறு நாளாக நான் கேட்டுத் திரிந்த கேள்வியை அவரிடமும் கேட்டேன். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து போர்வை வந்தது, பிரான்சிலிருந்து மருந்து வந்தது, அவர்களை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன் என்றார். பிறகு கல்லின் தீயைக் குறைத்துவிட்டு, ஏப்ரனின் பையிலிருந்து தம் கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். அட்டையில் ஆர்மேனியக் குடியரசு என்றுதான் இருக்கிறது. ஆனால் கராபாக்கில் வழங்கிய கடவுச்சீட்டு பயணத்துக்கு மட்டுமே, குடியுரிமைக்குச் சான்றாகாது என்று 2023 அக்டோபரில் எரெவான் அரசு சொல்லிவிட்டது. அவர் இப்போது தற்காலிகப் பாதுகாப்பில் உள்ள அகதி. வீடு வாங்க அரசு உதவி வேண்டுமானாலும் வாக்களிக்க வேண்டுமானாலும் புதிதாகக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால், ஊருக்குத் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று அவருடைய கணவர் அஞ்சுகிறார். வெளிநாட்டில் இருக்கும் தலைவர்கள் கையெழுத்திடாதீர்கள் என்கிறார்கள், இங்கே இருக்கும் அதிகாரிகள் சீக்கிரம் கையெழுத்திடுங்கள் என்கிறார்கள், இரண்டு பேரில் யாரும் எங்களோடு அந்தப் பாதையில் நடந்து வரவில்லை என்றார்.

அடுத்த ஆண்டு ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல். படிவம் வீட்டில் மேசைமேல் பாதி நிரப்பியபடி இருக்கிறதாம். ரொட்டியின் அடி சிவந்துவிட்டதைப் பார்த்து, விரல் நுனியாலேயே அதைத் திருப்பிப் போட்டார்.